தாக்க வீதப் பரிசோதனை: எங்கள் ஊர் வெக்கையில் பிழைக்காமல் அளப்பது எப்படி

கச்சான் காற்று வீசுகிற காலத்தில், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ, ஓர் ஆய்வுகூடம் காலை 8 மணிக்கு 28 பாகை செல்சியசில் இருந்து பகல் 1 மணிக்கு 33 பாகைக்கு ஏறுவது சாதாரணம். அஸ்பெஸ்ரஸ் கூரை என்றால் கேட்கவே வேண்டாம். பல இரசாயனத் தாக்கங்களின் வேகத்தை ஏறத்தாழ 40 சதவீதம் கூட்ட இந்த 5 பாகையே போதும். காலையில் 48 செக்கன் எடுத்த கலவை, போத்தலும் அதுவே அளவும் அதுவே, பகலில் 34 செக்கனில் முடிந்துவிடும். செறிவின் விளைவைப் பார்க்கத் தொடங்கிய பரிசோதனையில் பாதியை இடைவேளைக்கு முன்னும் மீதியைப் பின்னும் செய்தால், வரைபில் விழுந்திருப்பது செறிவா வெயிலா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

காரணிகளை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: செறிவு, வெப்பநிலை, மேற்பரப்பளவு, ஊக்கி, வாயு என்றால் அமுக்கம். சிக்கல் அங்கே இல்லை. ஒன்றை மாற்றும்போது மற்றவை அசையாமல் நிற்கின்றனவா என்பதில்தான் பிழைகள் புகுகின்றன. எங்கள் பக்கத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அசைவது வெப்பநிலை. அதற்கு அடுத்தது மொத்தக் கனவளவு. கீழே உள்ள செய்முறைகள் எல்லாம் இந்த இரண்டையும் கட்டி வைப்பதைச் சுற்றியே போகின்றன.

முன்கூட்டித் தயார் செய்ய வேண்டியவை

நீரிலிருந்து தொடங்குவோம். கரையோர மணலில் வெட்டிய கிணறுகளின் நீரில் சுண்ணாம்புச் சத்து, அதாவது இருகாபனேற்று, கரைந்திருக்கும். அது அமிலத்தைத் தின்னும். ஒரு லீற்றர் நீரில் கல்சியம் காபனேற்றுக் கணக்கில் 300 மில்லிகிராம் இருந்தால், அது 0.006 மூல் (பொருளின் அளவைத் துணிக்கை எண்ணிக்கையில் சொல்லும் அலகு) அமிலத்தை வெளியே தெரியாமல் முடித்துவிடும். 2 மூல் அமிலம், அதாவது லீற்றருக்கு 2 மூல் உள்ளது, பாவிக்கும் பரிசோதனையில் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. லீற்றருக்கு 0.1 மூல் என்ற ஐதான அமிலத்தை அந்த நீரில் ஆக்கினால் 6 சதவீதம் போய்விடும். காய்ச்சி வடித்த நீர் இல்லையென்றால் வாகன உதிரிப்பாகக் கடையில் விற்கிற பற்றரித் தண்ணீர் நல்ல மாற்று. வாங்கும்போது லேபலை வாசியுங்கள். அதே தட்டில் பற்றரி அமிலமும் இருக்கும். அது சல்பூரிக் அமிலம், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

சோடியம் தயோசல்பேற்றுப் பளிங்கைப் பழைய புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்பார்கள். அலங்கார மீன் கடைகளில் குளோரின் நீக்கி என்று விற்கிற வெள்ளைப் பளிங்கும் பெரும்பாலும் இதுதான். அதன் ஒரு மூல் 248.2 கிராம், பளிங்கில் உள்ள ஐந்து நீர் மூலக்கூறுகளையும் சேர்த்து. 9.3 கிராம் நிறுத்து 250 மில்லிலீற்றருக்குக் கரைத்தால் லீற்றருக்கு 0.15 மூல் கிடைக்கும். கொதிக்க வைத்து ஆறவிட்ட நீரில் கரைப்பது நல்லது. நீரில் உள்ள காபனீரொட்சைட்டும் பக்ரீறியாவும் தயோசல்பேற்றைச் சிதைத்துக் கந்தகத்தைப் படிய விடும். எங்கள் வெக்கையில் அது இன்னும் கெதியாக நடக்கும். போத்தலின் அடியில் மெல்லிய வெண்மஞ்சள் படிவு தெரிந்தால் அந்தக் கரைசலை விட்டுவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

ஐதரோகுளோரிக் அமிலம் 36 சதவீதச் செறிவில் வந்தால் அது லீற்றருக்கு ஏறத்தாழ 11.6 மூல். 2 மூல் கரைசல் 250 மில்லிலீற்றர் ஆக்க 43 மில்லிலீற்றர் வேண்டும். முகவையில் முதலில் 150 மில்லிலீற்றர் நீர், அதற்குள் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் நீரால் 250 வரை. எக்காரணம் கொண்டும் அமிலத்துக்குள் நீரை ஊற்றக்கூடாது. கண்ணாடி அணிந்து, கதவு யன்னலைத் திறந்து வைத்து, ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தைப் பாவிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். நிறமும் நுரைக்கும் சரக்கும் கலந்திருக்கும், செறிவும் தெரியாது.

இனி வெப்பநிலை. அகலமான பிளாஸ்ரிக் பேசினில் 5 லீற்றர் நீரை முதல் நாள் மாலையே நிரப்பி, பரிசோதனை செய்யும் மேசையில் வையுங்கள். கரைசல் போத்தல்கள், அமிலம், நீர், குடுவை எல்லாம் தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் முன்பே அதற்குள் நிற்கட்டும். இவ்வளவு நீர் சூடாகவோ குளிரவோ நேரமெடுக்கும், அதனால் முழு வகுப்பு நேரமும் ஒரு பாகைக்குள் நிற்கும். ஏறத் தொடங்கினால் சிறு ஐஸ் துண்டு ஒன்றைப் போட்டுக் கலக்கினால் சரி. வெப்பமானியைச் சுவரில் தொங்கவிட்டு அறை வெப்பநிலையை எழுதுவதில் பயனில்லை. கலவைக்குள் விட்டு வாசித்ததையே எழுதுங்கள். ஒரு பாகை வித்தியாசம் ஏறத்தாழ 7 சதவீத வேக வித்தியாசம். அதற்கு மேல் விலகிய அளவீட்டைத் திரும்பச் செய்வதே நல்லது.

செறிவு: புள்ளடி மறையும் நேரம்

தயோசல்பேற்றுடன் அமிலம் சேர்ந்தால் கந்தகம் மிக நுண்ணிய துணிக்கைகளாகப் பிரிந்து கலவை பால்போல் கலங்கும். குடுவைக்குக் கீழே கடதாசியில் போட்ட புள்ளடி மேலிருந்து பார்க்கத் தெரியாமல் போகும் வரை எடுக்கும் நேரம்தான் அளவீடு. எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவு கந்தகம் சேரும்போதுதான் புள்ளடி மறைகிறது. ஆகவே வீதம் நேரத்தின் தலைகீழுக்கு விகிதசமன்.

ஐந்து கலவைகள். தயோசல்பேற்று 50, 40, 30, 20, 10 மில்லிலீற்றர். நீர் முறையே 0, 10, 20, 30, 40. ஒவ்வொன்றிலும் கடைசியாக 2 மூல் அமிலம் 5 மில்லிலீற்றர். மொத்தம் எப்போதும் 55. நீரை விட்டுவிட்டு வெறுமனே தயோசல்பேற்றை மட்டும் குறைப்பது அடிக்கடி காணும் பிழை. அப்படிச் செய்தால் தயோசல்பேற்றின் செறிவு அவ்வளவாகக் குறையாது. போதாததற்குக் குடுவையில் திரவத்தின் உயரமும் குறையும், புள்ளடியை மறைக்கக் கூடுதலான கலக்கம் தேவைப்படும். இரண்டு பிழை ஒன்றாகச் சேர்ந்த நேரத்தை எழுதுவீர்கள்.

அமிலத்தைச் சிறிஞ்சால் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். பாதி தள்ளியதும் கடிகாரத்தைத் தொடங்கி, குடுவையை இரண்டு சுற்றுச் சுழற்றிப் புள்ளடியின் மேல் வைத்துவிட்டு இனி ஆட்டாதீர்கள். கைத்தொலைபேசிக் கடிகாரம் தாராளம். பார்க்கிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மறைந்தது என்று சொல்லும் கணம் மாறும். அது தவறல்ல. நடுவில் ஆளை மாற்றுவதுதான் தவறு.

முதற் கலவை 15 செக்கனுக்குள் முடிந்தால் உங்கள் கரைசல் இந்த வெப்பநிலைக்குச் செறிவு கூடியது. கை தாமதம் ஒரு செக்கன் என்றாலே அதில் 7 சதவீதப் பிழை. தயோசல்பேற்றை லீற்றருக்கு 0.1 மூலாக ஐதாக்கித் தொடங்குங்கள். குளிர் நாடுகளில் எழுதிய செய்முறைகளை அப்படியே எடுத்தால் இங்கே இந்தப் பிரச்சினை வரும். அவர்கள் 20 பாகையில் அளக்கிறார்கள், நீங்கள் 30 இல்.

முதற் கலவை 24 செக்கன் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். தயோசல்பேற்றின் கனவளவையும் நேரத்தையும் பெருக்கினால் 1200. மற்றவையும் 1200 இற்கு அண்மையில் வரவேண்டும்: 30, 40, 60, 120 செக்கன். வந்தால் வீதம் தயோசல்பேற்றின் செறிவுக்கு நேர்விகிதசமன், அதாவது அதன் சார்பில் வரிசை ஒன்று. வராவிட்டால் எந்தப் பக்கம் விலகியது என்று பாருங்கள். பிந்திய கலவைகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக முடிந்தால் ஒன்றில் வெப்பநிலை ஏறியிருக்கிறது, அல்லது குடுவையில் முந்திய தடவையின் அமிலமோ கந்தகமோ ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் உடனே ஊற்றிவிட்டு விரலோ தூரிகையோ விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த கந்தகம் இலேசில் போகாது. 10 மில்லிலீற்றர்க் கலவை மட்டும் இழுபட்டால் பெரும்பாலும் கண்தான் காரணம். அதில் கலக்கம் மெல்ல மெல்ல வருவதால் எந்தக் கணத்தில் மறைந்தது என்று தீர்மானிக்க மனம் தயங்கும். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

இப்போது பலரும் விட்டுவிடும் பகுதி. தயோசல்பேற்று 30 மில்லிலீற்றரில் நிற்க, அமிலத்தை 5 இலிருந்து 10 மில்லிலீற்றராக்குங்கள். நீரை 20 இலிருந்து 15 ஆகக் குறைத்து மொத்தம் 55 ஐக் காப்பாற்றுங்கள். அமிலச் செறிவு இருமடங்கு. ஆனால் நேரம் அவ்வளவாக மாறாது. செறிவு கூடினால் வேகம் கூடும் என்ற வசனத்தை எல்லாத் தாக்கிகளுக்கும் பொதுவாக எழுதுகிற பிள்ளை இங்கேதான் தடுமாறும். எந்தத் தாக்கியின் செறிவு எவ்வளவு முக்கியம் என்பதைப் பரிசோதனை மட்டுமே சொல்லும். சமப்படுத்திய சமன்பாட்டைப் பார்த்து ஊகிக்க முடியாது.

இந்தத் தாக்கத்தில் கந்தக ஈரொட்சைட்டு வாயுவும் வரும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை யன்னல் பக்கம், காற்று வருகிற திசையில் இருத்துங்கள். குடுவைக்கு மேலே மூக்கை வைத்துப் பார்க்க விடாதீர்கள். ஒரு வாளியில் இரண்டு லீற்றர் நீரும் குவிந்த மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் வைத்து, முடிந்த கலவைகளை உடனுக்குடன் அதில் ஊற்றினால் நெடி நின்றுவிடும். ஐந்து கலவைக்கு இந்த அளவு போதும்.

வெப்பநிலையை வேண்டுமென்றே மாற்றும்போது

தயோசல்பேற்று 20, நீர் 30, அமிலம் 5 என்ற கலவையே இதற்கு வசதி. 30 பாகையில் 60 செக்கன் எடுத்தால், 20 இல் 2 நிமிடத்துக்கு அண்மையிலும் 40 இல் அரை நிமிடத்துக்கு அண்மையிலும் எதிர்பாருங்கள். 50 இல் 15 செக்கன், அதற்கு மேலே போக வேண்டாம். கையால் அளக்க முடியாது, கந்தக ஈரொட்சைட்டும் கூடுதலாகக் கிளம்பும்.

குடுவையையும், அமிலம் உள்ள சோதனைக்குழாயையும் ஒரே நீர்த்தொட்டியில் வைத்து இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகே கலக்க வேண்டும். தயோசல்பேற்றை மட்டும் 50 பாகைக்குச் சூடாக்கி மேசையில் இருந்த அமிலத்தை ஊற்றினால், ஊற்றிய உடனேயே 2 பாகை இறங்கிவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் வெப்பநிலையை வாசித்து நடு எண்ணை வரைபில் குறியுங்கள்.

20 பாகைக்கு ஐஸ் வேண்டும். மீன் கடை ஐஸ் தாராளமாகப் போதும், ஆனால் வெளித் தொட்டிக்கு மட்டும். அதில் உப்பும் அழுக்கும் இருக்கும், கலவைக்குள் போடக்கூடாது. இங்கே இன்னொரு தொல்லை உண்டு. எங்கள் ஈரக் காற்றில் குளிர்ந்த குடுவையின் வெளிப்புறம் உடனே வியர்த்து, கீழே உள்ள கடதாசி நனைந்து, பேனை மை பரவிவிடும். பரவிய புள்ளடி முன்கூட்டியே மறைந்ததுபோல் தெரியும். புள்ளடியைப் பென்சிலால் அழுத்திப் போட்டு, கடதாசியைப் பிளாஸ்ரிக் உறைக்குள் செருகி வையுங்கள். குடுவையின் அடியைத் துணியால் ஒற்றிவிட்டு வைத்தால் இன்னும் நல்லது.

10 பாகைக்கு இருமடங்கு என்பது சட்டமல்ல, கைக்கணக்கு. ஏவற்சக்தி, அதாவது தாக்கம் நடக்கத் துணிக்கைகள் தாண்ட வேண்டிய குறைந்தபட்சச் சக்தி, மூலுக்கு 50 முதல் 55 கிலோயூல் வரை உள்ள தாக்கங்களுக்கு, அறை வெப்பநிலைக்கு அண்மையில், அது பொருந்துகிறது. ஏவற்சக்தி கூடிய தாக்கம் வெப்பத்துக்கு இன்னும் கூடுதலாகத் துள்ளும்.

ஏன் கூடுகிறது என்று கேட்டால், துணிக்கைகள் வேகமாக ஓடி அடிக்கடி மோதுகின்றன என்று எழுதிவிட்டு நிறுத்துவார்கள். அது விடையின் மிகச் சிறிய துண்டு. மோதல்களின் எண்ணிக்கை தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்தோடு மட்டும் கூடுகிறது. 30 இலிருந்து 40 பாகைக்கு, அதாவது 303 இலிருந்து 313 கெல்வினுக்கு, அந்த அதிகரிப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. வேகமோ இருமடங்காகிறது. மீதி எங்கிருந்து வந்தது? ஏவற்சக்தியைத் தாண்டக்கூடிய சக்தியுள்ள துணிக்கைகளின் பங்கு ஏறத்தாழ இருமடங்காகியிருக்கிறது. 1889 இல் அரேனியசு கொடுத்த சமன்பாடு சொல்வது இதைத்தான். விடைத்தாளில் மோதல் கூடுகிறது என்பதோடு, போதிய சக்தியுடன் நிகழும் மோதல்களின் பங்கு கூடுகிறது என்ற வசனமும் கட்டாயம் வரவேண்டும்.

மேற்பரப்பு: மட்டிச் சிப்பி

சலவைக்கல் தேடி அலைய வேண்டாம். கல்லடிக் கரையிலும் வாவி ஓரத்திலும் கிடக்கும் வெற்று மட்டிச் சிப்பிகள் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுத்தான். முருகைக்கல்லை எடுக்காதீர்கள். கரையோரத்தில் அதை உடைப்பதும் அகழ்வதும் சட்டப்படி தடை. சிப்பியைக் கொதிநீரில் போட்டு, தூரிகையால் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள். வெளிறச் செய்யும் திரவத்தில் ஊறவிட வேண்டாம். அதன் மிச்சத்தில் அமிலம் பட்டால் குளோரின் வாயு வரும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு இதற்கு உதவாது. அதுவும் சிப்பியிலிருந்து வந்ததாக இருக்கலாம், ஆனால் சுட்டு நீற்றியபோதே காபனீரொட்சைட்டை இழந்து கல்சியம் ஐதரொட்சைட்டாகிவிட்டது. அமிலம் விட்டால் சூடாகும், குமிழி வராது.

உரலில் இடித்து மூன்றாகப் பிரியுங்கள்: விரல்நக அளவுத் துண்டு, பருமணல் அளவுக் குறுணி, மாவரிக்கிற அரிதட்டில் விழுந்த தூள். தூளை முகர வேண்டாம், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு இடியுங்கள். ஒவ்வொன்றிலும் சரியாக 2 கிராம். ஒரு சென்ரிமீற்றர்க் கனவுருவுக்கு மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே ஒரு மில்லிமீற்றர்த் துண்டுகளாக வெட்டினால் 1000 துண்டு, 60 சதுர சென்ரிமீற்றர். திணிவு மாறவில்லை, அமிலம் தொடக்கூடிய இடம் பத்து மடங்கு.

250 மில்லிலீற்றர்க் கூம்புக்குடுவையில் 2 மூல் ஐதரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலீற்றர். சின்னக் குடுவை வேண்டாம். சிப்பிக்குள் உள்ள புரதப் படலத்தால் தூள் நுரைத்துப் பொங்கும். வாயில் பஞ்சுத் துண்டு ஒன்றைத் தளர்வாகச் செருகினால் தெறிப்பு வெளியேறாது, வாயு போகும். 0.01 கிராம் காட்டும் சின்ன மின்தராசில் வைத்து, சிப்பியைப் போட்டதும் 15 செக்கனுக்கு ஒருமுறை வாசியுங்கள். தராசின் உச்ச நிறையை முதலே பாருங்கள். 200 கிராமுக்கு மேல் தாங்காதவையும் உண்டு. மின்விசிறியை நிறுத்தி, தராசைச் சுற்றிக் காட்போட் பெட்டி ஒன்றை மறைப்பாக வையுங்கள். யன்னலால் வருகிற கச்சான் இரண்டாம் தசமதானத்தை நிற்கவே விடாது.

கணக்குப்படி 2 கிராம் கல்சியம் காபனேற்று 0.88 கிராம் காபனீரொட்சைட்டை விட வேண்டும். உங்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும். சிப்பி தூய காபனேற்று அல்ல, அதோடு 50 மில்லிலீற்றர்த் திரவம் 0.06 கிராம் வரை வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு குடுவையையும் ஒரே மாதிரி, ஒரே இடைவெளியில் சுழற்றுங்கள். ஒன்றை ஆட்டி மற்றதை ஆட்டாமல் விட்டால் மேற்பரப்பை ஒப்பிட்டதாகாது.

மூன்று வரைபும் தொடக்கத்தில் வெவ்வேறு படித்திறனில் ஏறி, கடைசியில் ஏறத்தாழ ஒரே உயரத்தில் மட்டமாக வேண்டும். தூள் கூடுதலான வாயுவைத் தந்தது என்று யாராவது எழுதினால், துண்டுகள் கரைந்து முடியும் முன் அளவீட்டை நிறுத்தியிருக்கிறார்கள் என்றே அர்த்தம். வேகத்தை ஒப்பிடத் தொடக்கப் படித்திறனை எடுங்கள். மொத்த நேரத்தால் வகுத்த சராசரி ஏமாற்றும், ஏனெனில் அமிலமும் சிப்பியும் குறையக் குறைய வேகமும் விழுகிறது.

அமிலம் இல்லையென்றால் வினாகிரி. போத்தலில் 4 சதவீதம் என்று இருந்தால் அது லீற்றருக்கு ஏறத்தாழ 0.67 மூல் அசற்றிக் அமிலம். மென்னமிலம் என்பதால் துண்டுகளோடு இழுத்தடிக்கும். தூளையும் குறுணியையும் மட்டும் ஒப்பிடுங்கள். சல்பூரிக் அமிலத்தைத் தொடவே வேண்டாம். கல்சியம் சல்பேற்று சிப்பியின் மேல் தோல்போல் படிந்து, நன்றாகத் தொடங்கிய தாக்கத்தைக் கொஞ்ச நேரத்தில் அடக்கிவிடும்.

ஊக்கி: ஐதரசன் பேரொட்சைட்டு

பாமசியில் கிடைக்கும் 6 சதவீதக் கரைசல் 20 கனவளவு எனப்படும். ஒரு கனவளவு கரைசல் நியம நிலையில், அதாவது 0 பாகையிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும், 20 கனவளவு ஒட்சிசன் தரும். 4 மில்லிலீற்றர் எடுத்தால் எங்கள் 30 பாகையில் 90 மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். 100 மில்லிலீற்றர் அளவுச்சாடிக்கு அது கச்சிதம்.

இங்கேயும் வெப்பநிலை ஒளிந்து நிற்கிறது. பேரொட்சைட்டு சிதையும்போது மூலுக்கு ஏறக்குறைய 95 கிலோயூல் வெப்பம் வெளிவரும். அந்த 4 மில்லிலீற்றரை அப்படியே பாவித்தால் கரைசலின் வெப்பநிலை இருந்ததைவிட 40 பாகை வரை தானாகக் கூடக்கூடும். ஊக்கியின் வேலை எது, சூட்டின் வேலை எது என்று தெரியாது. 36 மில்லிலீற்றர் நீர் சேர்த்து 40 ஆக்குங்கள், ஏற்றம் 4 பாகைக்குள் அடங்கும். குடுவையைப் பேசின் நீருக்குள் நிறுத்தினால் அதுவும் குறையும்.

மங்கனீசு ஈரொட்சைட்டு 0.1 கிராமை ஊசிமருந்துச் சின்னக் குப்பி ஒன்றில் போட்டு, குடுவைக்குள் சரியாமல் நிமிர்த்தி வையுங்கள். அடைப்பானைச் செருகி, சேலைன் குழாயை நீரில் கவிழ்த்த அளவுச்சாடிக்குக் கீழே விடுங்கள். அடைப்பானை அழுத்தும்போதே இரண்டு மூன்று மில்லிலீற்றர்க் காற்று தள்ளப்படும். அதனால் அடைத்த பிறகு வாசித்ததையே தொடக்கமாக எடுங்கள். பிறகு குடுவையைச் சரித்துக் குப்பியைக் கவிழ்த்துக் கடிகாரத்தைத் தொடங்குங்கள். ஊக்கியை முதலில் போட்டுவிட்டு அவசரமாக அடைத்தால் முதல் 10 செக்கன் வாயு, அதாவது மிக முக்கியமான பகுதி, வெளியே போய்விடும். வாயு நின்றும் 60 மில்லிலீற்றர்தான் சேர்ந்ததா? இணைப்புகளில் சவர்க்கார நீர் தடவிக் கசிவு பாருங்கள். கசிவு இல்லையென்றால் போத்தல் பழசு. கடை அலுமாரியில் வெக்கையில் நின்ற பேரொட்சைட்டு மெல்ல மெல்லச் சிதைந்திருக்கும். கறுப்புப் போத்தலில், குளிரில், மூடியை இறுக்கி முறுக்காமல் வைப்பது அதனால்தான்.

ஊக்கியை 0.05 கிராமாகக் குறைத்துத் திரும்பச் செய்தால் வேகம் குறையும், மொத்த வாயு அப்படியே இருக்கும். முடிவில் தூளை வடிதாளில் வடித்து, கழுவி, காயவைத்து நிறுத்தால் போட்ட அளவு திரும்பக் கிடைக்கும். 0.1 கிராமை வடிதாளிலிருந்து சுரண்டி நிறுப்பது பகிடியான வேலை. இதைக் காட்டுவதற்கென்று தனியாக 1 கிராம் போட்டு, வடிதாளை முதலே நிறுத்து வைத்துச் செய்யுங்கள்.

அதே குடுவையில் தூளுக்குப் பதிலாகப் பயறளவு பச்சைக் கோழி ஈரல் துண்டைப் போட்டால் நுரைத்துக் கிளம்பும். ஈரலில் உள்ள கற்றலேசு என்ற நொதியம் செய்கிற வேலை. உருளைக்கிழங்கிலும் உண்டு, சற்று மெதுவாக இருக்கும். அதே ஈரலை 5 நிமிடம் அவித்துப் போட்டால் ஒன்றும் நடக்காது. நொதிய ஊக்கிகளோடு வெப்பநிலை விதி பாதி வழிதான் வரும். குறிப்பிட்ட அளவு வரை சூடு வேகத்தைக் கூட்டும், தாண்டினால் நொதியத்தின் வடிவமே குலைந்துவிடும். சட்டித் தயிர் போடுகிறவர்கள் காய்ச்சிய எருமைப்பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டே உறை ஊற்றுவதும் இந்தக் கணக்குத்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உறையில் உள்ள பக்ரீறியா செத்துப் பால் பாலாகவே கிடக்கும்.

ஊக்கி ஏவற்சக்தியைக் குறைக்கிறது என்று எழுதுவதைவிட, ஏவற்சக்தி குறைந்த வேறொரு பாதையைத் தருகிறது என்று எழுதுவது சரி. பழைய பாதை அப்படியேதான் இருக்கிறது.

அமுக்கத்தைப் பாடசாலையில் அளந்து காட்ட வழியில்லை. வாயுவை அமுக்கினால் ஒரே இடத்துக்குள் துணிக்கைகள் நெருங்குகின்றன, அதாவது செறிவு கூடுகிறது. திண்மத்துக்கும் திரவத்துக்கும் அதனால் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. அவ்வளவு போதும்.

கடைசியாகக் கழிவு. சிப்பிக் குடுவைகளில் அமிலம் மிஞ்சியிருக்கும். 2 மூல் அமிலம் 50 மில்லிலீற்றரில் 2 கிராம் சிப்பி பாதியைக்கூட முடிக்காது. மிஞ்சிய சிப்பித் தூளையோ அப்பச்சோடாவையோ குமிழி நிற்கும் வரை போட்ட பிறகே வடிகாலில் ஊற்றி நிறைய நீர் விடுங்கள். கந்தகப் படிவைக் கடதாசியில் வடித்துக் குப்பையில் போடலாம். எதையும் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். கரையோரத்தில் மணல் நிலம், ஊற்றியது வடிந்து நேரே கிணற்றுக்குத்தான் போகும்.